வேதியியலா, வேதிப் பொறியியலா, உயிரித்தொழில்நுட்பமா? மூன்றாம் ஆண்டுப் பாடங்களை வைத்து ஓர் ஒப்பீடு

பள்ளியில் வேதியியல் பிடித்துப்போன மாணவர்கள் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் மூன்று பெயர்களுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறார்கள்: வேதியியல், வேதிப் பொறியியல், உயிரித்தொழில்நுட்பம். பெட்ரோலியப் பொறியியல் போல ஒரே தொழிலின் பெயரைத் தாங்கிய படிப்புகள் நான்காவதாக வந்து சேர்ந்து குழப்பத்தைக் கூட்டுகின்றன. இதுபற்றிக் கேட்கும் வாசகர்கள் பெரும்பாலும் வேலைவாய்ப்பிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆயினும், ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் எதைப் படிக்கப் போகிறோம் என்பது தெளிவாகாத வரையில் வேலைவாய்ப்பைப் பற்றிய எந்தக் கணக்கும் அந்தரத்தில்தான் நிற்கும். பிடிக்காத பாடத்தில் தட்டுத் தடுமாறித் தேறியவருக்கு, வேலைகள் மலிந்திருக்கும் காலத்திலும் நல்ல வேலை எளிதில் அமைவதில்லை.

இந்தத் தேர்வில் நேரும் பெரும்பிழை, வேதியியல் பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காக வேதிப் பொறியியலில் சேர்வது என்பது என் உறுதியான கருத்து. வேதிப் பொறியியல் படிப்பில் வேதியியல் பாடங்கள் ஏறத்தாழ முதல் இரண்டு ஆண்டுகளோடு முடிந்துவிடுகின்றன; அதன்பின் வருவது பெரும்பாலும் கணிதத்தில் எழுதப்பட்ட இயற்பியல். இதைத் தெரிந்துகொண்டு சேர்பவர்கள் அந்தப் படிப்பில் ஒன்றிப்போகிறார்கள். தெரியாமல் சேர்பவர்கள் மூன்றாம் ஆண்டில் திகைத்து நிற்கிறார்கள். ஆகவே இந்த ஒப்பீட்டில் படிப்பின் பெயரைவிட மூன்றாம் ஆண்டின் பாடப்பட்டியலையே நான் அதிகம் நம்பப் போகிறேன். கணிதம், இயற்பியல், பொது வேதியியல், கணினி நிரலாக்கம் என்று முதல் ஆண்டு பல படிப்புகளில் ஒன்றுபோலவே இருப்பதால், அது எதையும் காட்டிக்கொடுப்பதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், அந்தப் படிப்பு எந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குகிறது என்பது. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே நான் அதிக எடை கொடுப்பேன். இரண்டாவது, கணிதத்தின் அளவும் வகையும். மூன்றாவது, செய்முறை வகுப்பில் கைகளுக்குக் கிடைக்கும் வேலை. நான்காவது, பட்டம் முடிந்தபின் தெரியவரும் செலவுகள்: மேற்படிப்புக்கு வேண்டிய கூடுதல் ஆண்டுகள், வேலை அமையும் இடம், வேலை நேரம், ஒரே தொழிலைச் சார்ந்திருப்பதன் ஆபத்து. ஐந்தாவது, பாதி வழியில் மனம் மாறினால் திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்பது.

முதல் அளவுகோலை அம்மோனியாவின் வரலாறு தெளிவாக விளக்கும். 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர், நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் நேரடியாக இணைத்து அம்மோனியா தயாரிக்க முடியும் என்பதை ஆய்வகக் கருவியொன்றில் நிகழ்த்திக் காட்டினார். இந்த வினை நிகழுமா, எந்த வெப்பநிலையில் எவ்வளவு தூரம் நிகழும், எந்த வினையூக்கி அதை விரைவுபடுத்தும் என்பவை வேதியியலாளரின் கேள்விகள். அதை ஆலையாக்கும் பொறுப்பை ஏற்ற கார்ல் போஷின் குழு வேறொரு சிக்கலில் முட்டிக்கொண்டது. உயர் அழுத்தத்தில் சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதிலுள்ள கார்பனோடு வினைபுரிந்து, எஃகை நொறுங்கச் செய்தது, வினைகலன்கள் வெடித்தன. கார்பன் மிகக் குறைந்த மென்மையான இரும்பை உட்சுவராகவும், அழுத்தத்தைத் தாங்கும் எஃகை வெளிச்சுவராகவும் அமைத்து, ஊடுருவி வரும் ஹைட்ரஜன் வெளியேறுவதற்காக வெளிச்சுவரில் சிறு துளைகளையும் இட்ட பிறகே 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. ஹேபருக்கு 1918ஆம் ஆண்டின் நோபல் பரிசும் போஷுக்கு 1931ஆம் ஆண்டின் நோபல் பரிசும் வேதியியலுக்காகவே வழங்கப்பட்டன. இரண்டும் ஒன்றுக்கொன்று குறையாத அறிவுழைப்பு. ஆனால் ஒன்றில் மகிழ்ச்சி காண்பவர் மற்றொன்றிலும் மகிழ்ச்சி காண்பார் என்று சொல்ல முடியாது.

## வேதிப் பொறியியல்

அது கேட்கும் கேள்வி. பொருளும் வெப்பமும் எங்கிருந்து எங்கே, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு செலவில் நகர்கின்றன என்பதே இந்தப் படிப்பின் மையக் கேள்வி. அது இப்படி அமைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. ஜார்ஜ் டேவிஸ் 1887இல் மான்செஸ்டரில் ஆற்றிய பன்னிரண்டு சொற்பொழிவுகளும், 1888இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொடங்கிய பட்டப்படிப்பும் இத்துறையின் தொடக்கப் புள்ளிகள். 1915இல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் டி. லிட்டில் 'அலகுச் செயல்பாடுகள்' என்ற கருத்தை முன்வைத்தார். சோப்புத் தொழில், காகிதத் தொழில், சாயத் தொழில் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்பிப்பதற்குப் பதிலாக, எல்லாவற்றுக்கும் பொதுவான ஆவியாக்குதல், வடித்தல், வடிகட்டுதல், உலர்த்துதல் போன்ற செயல்களைக் கற்பித்தால், மாணவர் எந்த ஆலைக்குள் நுழைந்தாலும் அதைப் புரிந்துகொள்வார் என்பது அதன் உட்பொருள். பெட்ரோலியச் சுத்திகரிப்பாலையிலிருந்து மருந்து ஆலைக்கும், அங்கிருந்து கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்கும் ஒரு வேதிப் பொறியாளர் மாற முடிவதற்கு இந்த நூறாண்டுப் பழைய முடிவுதான் காரணம்.

பாடங்கள் நடக்கும் விதம். இரண்டாம் ஆண்டில் நிறைச் சமனும் ஆற்றல் சமனும் வருகின்றன. உள்ளே வருவது, வெளியே போவது, உள்ளே தங்குவது என்ற மூன்றையும் ஈடுகட்டும் கணக்கு என்று பார்த்தால் இது எளிமையானது. ஆனால் ஓட்டங்கள் சுற்றிச்சுற்றி வரத் தொடங்கியதும் அதன் ஆழம் தெரியும். மீண்டும் அம்மோனியாவையே எடுத்துக்கொள்ளலாம். வினைகலனை ஒருமுறை கடக்கும்போது வாயுவில் சிறு பங்கே அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியாவைக் குளிர்வித்துப் பிரித்துவிட்டு, மீதி வாயுவைத் திரும்ப வினைகலனுக்கு அனுப்புகிறார்கள். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனோடு சிறிது ஆர்கானும் வந்துவிடும். அது எதனோடும் வினைபுரியாது, ஆகவே சுற்றுக்குள் சேர்ந்துகொண்டே போகும். புதிதாக உள்ளே வரும் 100 மோல் வாயுவில் ஆர்கான் 0.3 மோல் என்றும், அம்மோனியாவோடு ஆர்கான் வெளியேறுவதில்லை என்றும் கொள்வோம். சுற்றுக்குள் ஆர்கான் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாதென்றால், சுற்றிலிருந்து 10 மோல் வாயுவைத் தொடர்ந்து வெளியே விட்டாக வேண்டும். 6 விழுக்காடுவரை பொறுத்துக்கொண்டால் 5 மோல் போதும். குறைவாக வெளியே விட்டால் விலையுயர்ந்த ஹைட்ரஜன் மிச்சமாகும். ஆனால் வினைபுரியாத வாயு அதிகமாகச் சுற்றுவதால் வினை மந்தமாகும், அதை அழுத்திச் சுழற்றும் மின்செலவும் ஏறும். இப்படி ஒரு கணக்குக்கு ஒரே விடை இல்லாமல், விலையைப் பொறுத்து நகரும் விடை இருப்பதை ரசிக்கிறவருக்கு இந்தப் படிப்பு ஏற்றது.

மூன்றாம் ஆண்டுதான் உண்மையான சோதனை. பாய்ம இயக்கவியல் (திரவங்களும் வாயுக்களும் ஓடும் விதம்), வெப்பப் பரிமாற்றம், நிறைப் பரிமாற்றம் (ஒரு பொருள் ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச்சேரும் விதம்), வேதிவினைப் பொறியியல், வேதிப் பொறியியலுக்கான வெப்ப இயக்கவியல் ஆகிய ஐந்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து விழும். குழாயில் ஓடும் திரவம் சீராக ஓடுகிறதா, கொந்தளித்து ஓடுகிறதா என்பதை ரெனால்ட்ஸ் எண்ணைக் கொண்டு கணித்து, அதற்கேற்ப பம்பின் திறனைத் தேர்ந்தெடுப்பார்கள். வெப்பப் பரிமாற்றிக்கு எத்தனை சதுர மீட்டர் பரப்பு வேண்டும் என்று கணக்கிடுவார்கள். திரவக் கலவையைக் கொதிக்கவைத்துப் பிரிக்கும் வடிகோபுரத்துக்கு மெக்கேப், தீலே ஆகிய இருவரும் 1925இல் வெளியிட்ட வரைபட முறையை இன்றும் கையால் வரையச் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்; அது சரியென்றே நினைக்கிறேன். கட்டம் போட்ட தாளில், எளிதில் ஆவியாகும் பொருளின் பங்கு திரவத்தில் எவ்வளவு என்பதைக் கிடை அச்சிலும், ஆவியில் எவ்வளவு என்பதை நிலை அச்சிலும் குறித்து, சமநிலைக் கோட்டுக்கும், கோபுரத்தின் நிறைச் சமனைக் காட்டும் இயக்கக் கோடுகளுக்கும் நடுவே படிப்படியாக இறங்கி வந்தால், ஒவ்வொரு படியும் கோபுரத்தில் ஒரு தட்டு. உச்சியில் குளிர்ந்த திரவத்தை இன்னும் அதிகமாகக் கோபுரத்துக்குள் திருப்பி விட்டால் இயக்கக் கோடு சமநிலைக் கோட்டைவிட்டு விலகும், படிகள் குறையும், கோபுரம் குட்டையாகும். அடியில் கொதிக்கவைக்க வேண்டிய நீராவிச் செலவோ கூடும். மென்பொருள் நொடியில் இந்த விடையைத் தந்துவிடும். ஆனால் ஒருமுறை கையால் படி வரைந்து பார்த்தவருக்கே அந்த விடையைச் சந்தேகிக்கத் தெரியும்.

இறுதியாண்டில் செயல்முறைக் கட்டுப்பாடு, ஆலை வடிவமைப்பு, பாதுகாப்பு ஆகியவை வரும். சில மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒரு பொருளை ஆண்டுக்கு இத்தனை டன் தயாரிக்கும் ஆலையை ஓட்டப் படத்திலிருந்து கருவிகளின் அளவு, முதலீடு, இயக்கச் செலவு, அபாய ஆய்வு வரை தாளில் கட்டியெழுப்புவார்கள். மற்ற படிப்புகளில் இதற்கு நேர் இணையான பயிற்சி கிடையாது.

பாதுகாப்புப் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியாக வேண்டும். ஒரு லிட்டர் குடுவையையும் அதே வடிவில் 1,000 லிட்டர் கலத்தையும் ஒப்பிட்டால், நீள அகலங்கள் 10 மடங்கும், சுவர்ப் பரப்பு 100 மடங்கும், கொள்ளளவு 1,000 மடங்கும் பெருகுகின்றன. வெப்பம் உண்டாவது கொள்ளளவுக்கு ஏற்ப. அது வெளியேறுவது பரப்புக்கு ஏற்ப. ஆகவே, குடுவையில் தானாகவே ஆறிவிட்ட வினை பெரிய கலத்தில் கைமீறிப் போகலாம். 2007 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் டி2 லேபரட்டரீஸ் ஆலையில் 2,450 காலன் (ஏறத்தாழ 9,300 லிட்டர்) வினைகலன் வெடித்து நான்கு பேர் உயிரிழந்தது இந்தக் காரணத்தால்தான்: குளிர்விப்பு ஒருமுறை தவறியது, மாற்று ஏற்பாடு இல்லை, வினை கட்டுமீறியது. நிறுவனத்தின் உரிமையாளர்கள் ஒரு வேதிப் பொறியாளரும் ஒரு வேதியியலாளரும். விபத்தை ஆராய்ந்த அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம், இத்தகைய வினை அபாயங்களை இளநிலைப் பாடத்திட்டத்திலேயே கற்பிக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. பின்னர் ஏபெட் என்னும் தரமதிப்பீட்டு அமைப்பு வேதிப் பொறியியலுக்கு வகுத்த அளவுகோலிலும் அபாயங்களைப் பற்றிய பாடம் இடம்பெற்றது. நீங்கள் சேர எண்ணும் கல்லூரியின் பாடத்திட்டத்தில் இது தனிப்பாடமாக இருக்கிறதா, விருப்பப் பாடங்களின் பட்டியலில் ஒதுங்கிக் கிடக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். ஒரு துறையின் அக்கறை எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள். மூன்றாம் ஆண்டுச் சுமை முதன்மையானது. வகைக்கெழுச் சமன்பாடுகளில் பிடிப்பு இல்லாமல் அந்த ஆண்டைக் கடப்பது துன்பம். ஆலைகள் பெரும்பாலும் நகரங்களை விட்டு விலகி, துறைமுகத்தை ஒட்டியோ எரிவாயுக் குழாய்த் தடத்தை ஒட்டியோ அமைவதால், முதல் வேலை ஊரை விட்டு வெகுதூரத்தில் அமையலாம். தொடர்ந்து ஓடும் ஆலைகளில் இரவுப் பணிமுறையும் உண்டு. புதிய மூலக்கூறுகளை உருவாக்கும் ஆசையோடு வந்தவருக்கு அந்த ஆசை நிறைவேறாது என்பது மூன்றாவது செலவு. பலருக்கு அதுவே பெரிய செலவு.

எப்போது இதுவே சிறந்தது. கணிதம் சலிக்காதவர், இயற்பியலும் வேதியியலும் சம அளவில் பிடித்தவர், எந்தத் தொழிலில் சேர்வது என்று இன்னும் முடிவு செய்யாதவர், பட்டம் முடிந்ததும் வேலைக்குச் செல்ல வேண்டிய நிலையில் இருப்பவர் ஆகியோருக்கு நான்கில் இதையே முதலில் பரிந்துரைப்பேன்.

## வேதியியல்

அது கேட்கும் கேள்வி. இந்த மூலக்கூறு ஏன் இப்படி நடந்துகொள்கிறது, அதை எப்படி உருவாக்குவது, உருவானது அதுதான் என்று எப்படி நிரூபிப்பது. மூன்றாம் கேள்வியின் அருமை வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் தெரிவதில்லை. கரிம வேதியியல் செய்முறையில் ஒரு சேர்மத்தைத் தயாரிப்பது ஒரு நாள் வேலையென்றால், அதைத் தூய்மைப்படுத்தி, நிறமாலைகளைப் பதிவு செய்து, ஒவ்வொரு சிகரத்துக்கும் ஒரு அணுவைப் பொருத்திக் காட்டுவது அதைவிட நீண்ட வேலை.

பாடங்கள் நடக்கும் விதம். கரிம, கனிம, இயற்பு, பகுப்பாய்வு வேதியியல் ஆகிய நான்கும் இறுதிவரை தொடர்கின்றன. குவாண்டம் இயக்கவியலும் நிறமாலையியலும் இணைந்துகொள்கின்றன. வேதிப் பொறியியலோடு பெயரளவில் ஒத்துப்போகும் பாடங்கள் உள்ளே வெகுவாக வேறுபடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். வேதிவினை வேகவியலை வேதியியலாளர் படிப்பது வினையின் படிநிலைகளைக் கண்டறிவதற்காக. பொறியாளர் படிப்பது அந்த வேகத்துக்கு எத்தனை கன மீட்டர் கலம் வேண்டும் என்று கணிப்பதற்காக. வெப்ப இயக்கவியலை முன்னவர் மூலக்கூறுகளின் புள்ளியியலிலிருந்து கட்டியெழுப்புகிறார். பின்னவர் நீராவி அட்டவணையோடும், கலவைகள் எப்போது இரண்டாகப் பிரியும் என்ற கேள்வியோடும் மல்லுக்கட்டுகிறார். ஒரே பாடப்பெயரைப் பார்த்து இரண்டு படிப்புகளும் ஒன்றென்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கணிதம் தேவை, ஆனால் பொறியியல் அளவுக்கு எல்லாத் திசைகளிலும் தேவையில்லை. இயற்பு வேதியியலில் மட்டும் அது கடுமையாகும். கைவேலை மிக அதிகம்: வாரத்தில் பல மணி நேரம் ஆய்வகத்தில் நிற்க வேண்டியிருக்கும். பொறுமையான கைகளுக்கு இந்தப் படிப்பு கொடுக்கும் மகிழ்ச்சியை மற்ற மூன்றும் கொடுப்பதில்லை.

மறைந்திருக்கும் செலவுகள். ஆராய்ச்சியில் தானே திசையைத் தீர்மானிக்கும் இடத்துக்கு வர இளநிலைப் பட்டம் அரிதாகவே போதும். முதுநிலைப் பட்டமும், பெரும்பாலும் முனைவர் பட்டமும் தேவைப்படும். அந்த ஆண்டுகளில் வருமானம் குறைவு. இளநிலையோடு நிறுத்தினால் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம், கற்பித்தல், விற்பனைசார் தொழில்நுட்பப் பணி ஆகியவை திறந்திருக்கும். அவை மதிப்புள்ள பணிகள். ஆனால் புதிய மூலக்கூறுகளை உருவாக்கும் கனவோடு வந்தவர் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. முதல் நாளிலிருந்தே எட்டு ஒன்பது ஆண்டுப் பயணமாக எண்ணித் திட்டமிடுபவருக்கு இது செலவாகத் தோன்றாது.

எப்போது இதுவே சிறந்தது. பள்ளியில் உங்களுக்குப் பிடித்தது எது என்பதை நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள். எலக்ட்ரான்கள் நகரும் அம்புக்குறிகளும், உப்புப் பகுப்பாய்வில் வீழ்படிவின் நிறம் மாறுவதும் பிடித்திருந்தால், உங்களுக்குப் பிடித்தது வேதியியல்தான்.

## உயிரித்தொழில்நுட்பம்

இங்கே பெயரே ஒரு சிக்கல். இதே பெயரில் இரண்டு வெவ்வேறு படிப்புகள் நடக்கின்றன. ஒன்று, மூலக்கூறு உயிரியல், மரபியல், நோய்த்தடுப்பியல் ஆகியவற்றை மையமாகக் கொண்டது. மற்றொன்று, நொதித்தல் கலங்களையும் பிரித்தெடுக்கும் முறைகளையும் மையமாகக் கொண்டு, உள்ளுக்குள் வேதிப் பொறியியலின் கிளையாகவே இருப்பது. மூன்றாம் ஆண்டில் பாய்ம இயக்கவியலும் நிறைப் பரிமாற்றமும் இருந்தால் அது இரண்டாம் வகை. இல்லாவிட்டால் அது உயிரியல் படிப்பு; அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் அது பொறியியல் என்று எண்ணிக்கொண்டு சேரக் கூடாது.

இரண்டாம் வகை ஏன் தேவைப்பட்டது என்பதைப் பென்சிலின் காட்டுகிறது. 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ட பொருள், தொடக்கத்தில் ஆழமற்ற பாத்திரங்களின் மேற்பரப்பில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து சிறிதளவே கிடைத்தது. பெருமளவில் தயாரிக்கப் பூஞ்சையை ஆழமான தொட்டிக்குள் வளர்க்க வேண்டும். அங்கே அது ஆக்சிஜன் இல்லாமல் திணறும். 25 டிகிரி செல்சியஸில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனே கரையும். செறிவாக வளரும் உயிரிகள் அதை விரைவில் தீர்த்துவிடும். ஆகவே, கிருமி நீக்கிய காற்றை இடைவிடாமல் குமிழிகளாகச் செலுத்தி, கலக்கி, குமிழியிலிருந்து நீருக்கு ஆக்சிஜன் போய்ச்சேரும் வேகத்தை உயர்த்த வேண்டியிருந்தது. அது அப்பட்டமான நிறைப் பரிமாற்றக் கணக்கு. 1944இல் ஃபைசர் நிறுவனம் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆழ்தொட்டி முறையில் பெருமளவு உற்பத்தியைத் தொடங்கியது. பென்சிலின் ஆலை வடிவமைப்பில் முதன்மைப் பங்காற்றிய மார்கரெட் ஹட்சின்சன் ரூசோ, 1937இல் எம்.ஐ.டி.யில் வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அங்கே அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண்.

செலவுகளில் முதலாவது காலம். செல்கள் தம் வேகத்தில்தான் வளரும். ஒரு சோதனைக்கு நாட்களோ வாரங்களோ ஆகலாம், ஒரு துளி மாசு புகுந்தாலும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இரண்டாவது, உயிரியல், வேதியியல், பொறியியல் மூன்றையும் இளநிலையிலேயே தொட முயல்வதால் எதிலும் ஆழம் போதாமல் போகும் ஆபத்து. எனவே முதல் வகைப் படிப்பிலும் மேற்படிப்பு ஏறக்குறைய கட்டாயம்.

தடுப்பூசி, நொதி, செல் சிகிச்சை போன்றவற்றில் ஏற்கெனவே உறுதியான நாட்டம் உள்ளவருக்கு இது சரியான வாசல். நாட்டம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற நிலையில் இருப்பவர், வேதிப் பொறியியலில் சேர்ந்து உயிரிச் செயல்முறைகளை விருப்பப் பாடமாக எடுப்பது பாதுகாப்பானது.

## ஒரே தொழிலின் பெயர்கொண்ட படிப்புகள்

பெட்ரோலியப் பொறியியல், காகிதத் தொழில்நுட்பம், பெயின்ட் தொழில்நுட்பம் போன்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். லிட்டில் 1915இல் எதைத் தவிர்க்கச் சொன்னாரோ அதையே இவை தேர்ந்துகொள்கின்றன: ஒரு தொழிலை ஆழமாக, மற்றவற்றை மேலோட்டமாக. அந்தத் தொழில் செழிக்கும்போது இவர்களுக்கே முதல் அழைப்பு. சரியும்போது ஒதுங்க வேறு இடமில்லை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத முன்பேர விலை பூச்சியத்துக்குக் கீழே போனது. அந்த ஆண்டில் பட்டம் பெற்ற பெட்ரோலியப் பொறியாளரின் நிலையை எண்ணிப் பார்த்தால் இதன் ஆபத்து விளங்கும். அந்தத் தொழிலில் சேர்வது உறுதியென்று தெரிந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இளநிலையில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேதிப் பொறியியல் முடித்து முதுநிலையில் இதற்குள் நுழைவது இயலும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வேதிப் பொறியியல் | வேதியியல் | உயிரித்தொழில்நுட்பம் |
|---|---|---|---|
| மையக் கேள்வி | எவ்வளவு, எவ்வளவு வேகத்தில், எந்தச் செலவில் | ஏன், எப்படி உருவாகிறது | உயிருள்ள செல்லை எப்படிப் பயன்படுத்துவது |
| கணிதம் | மிக அதிகம் | இயற்பு வேதியியலில் அதிகம் | வகையைப் பொறுத்தது. புள்ளியியல் அவசியம் |
| செய்முறை | குழாய், பம்பு, வடிகோபுரம். குழுவாக | தயாரிப்பு, தூய்மையாக்கம், நிறமாலை. பெரும்பாலும் தனியாக | செல் வளர்ப்பு, நொதித்தல். நீண்ட காத்திருப்பு |
| இளநிலையோடு வேலை | பெரும்பாலும் இயலும் | இயலும், எல்லை உண்டு | கடினம் |
| பெரிய மறைசெலவு | மூன்றாம் ஆண்டுச் சுமை, தொலைவான பணியிடம் | கூடுதல் ஆண்டுகள் | ஆழமின்மை, காலதாமதம் |

## இன்னும் முடிவுக்கு வராதவர்களுக்கு

ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 விழுக்காடு உப்புள்ள 1,000 கிலோ கரைசலை ஆவியாக்கி 25 விழுக்காடாக்க வேண்டும். உப்பு எங்கும் போவதில்லை என்பதால் 400 கிலோ கரைசல் மிஞ்சும், 600 கிலோ நீர் ஆவியாகும். இப்போது ஆவியாக்கி 40 விழுக்காடுவரை செறிவூட்டிவிடுகிறது என்றும், மூலக் கரைசலின் ஒரு பகுதியை ஆவியாக்கிக்குள் விடாமல் சுற்றுவழியாகக் கொண்டுபோய்க் கடைசியில் கலந்து 25 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆவியாக்கிக்குள் 800 கிலோ, சுற்றுவழியில் 200 கிலோ என்று விடை வரும். ஆவியாகும் நீர் மட்டும் அதே 600 கிலோ. அது ஏன் மாறவில்லை என்று யோசித்து, முழு ஆலையையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துப் பார்த்தால் போதும் என்று உங்களுக்கே தோன்றி, அந்தக் கணத்தில் மனம் துள்ளினால், வேதிப் பொறியியல் உங்களுக்குப் பொருந்தும். விடை வந்தும் அது வெறும் கணக்காகவே தோன்றி, உப்பு நீரில் ஏன் கரைகிறது என்ற கேள்வியே மனத்தில் ஓடினால் வேதியியலின் பக்கம் திரும்புங்கள்.

தவறாகத் தேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்துக்கும் இடம் கொடுக்க வேண்டியதில்லை. இளநிலையில் வேதிப் பொறியியல் படித்த ஆண்டி குரோவ் இன்டெல் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். பிரான்சஸ் ஆர்னால்டு இளநிலையில் படித்தது இயந்திர, விண்வெளிப் பொறியியல். முனைவர் பட்டம் வேதிப் பொறியியலில். நொதிகளை ஆய்வகத்தில் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்து மேம்படுத்தும் 'இயக்கிய பரிணாம' முறைக்காக 2018இல் அவர் பெற்றது வேதியியல் நோபல் பரிசு. ஆயினும் எல்லாத் திசை மாற்றங்களும் ஒரே விலையுடையவை அல்ல. வேதியியலிலிருந்து வேதிப் பொறியியல் முதுநிலைக்கு வருபவர் நிறைச் சமன், பாய்ம இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம், நிறைப் பரிமாற்றம், வினைப் பொறியியல் ஆகியவற்றை இணைப்புப் பாடங்களாகப் படித்தாக வேண்டும். கணித அடித்தளம் இருந்தால் இது ஓராண்டுக்குள் முடியும் வேலை, இல்லாவிட்டால் நீளும். எதிர்த்திசையில் வருபவருக்குக் குறைவது ஆய்வகத்தில் கழித்த நேரம், அதைப் புத்தகத்தால் ஈடுகட்ட முடியாது. ஆகவே வேதிப் பொறியியலில் சேர்ந்தபின் மூலக்கூறுகளின் மீது ஆசை மிஞ்சியிருப்பதை உணர்பவர்கள், இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே வேதியியல் துறையின் ஓர் ஆய்வுக் குழுவை அணுகி, கண்ணாடிக் கலங்களைக் கழுவும் வேலையானாலும் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது.